சிகரெட்டுக்கு ஈரக் கழிவு

எங்க ஊர்ல மார்கழி மாசம் வெடியக்காலையில பஸ்ஸுக்கு நிக்கற அத்தனை பேர் வாயிலயும் புகை வருமுங்க. இஸ்கூல் புள்ளைங்க, டீச்சருங்க, கோயில் பூசாரி, எல்லாருந்தான். பேச வாயைத் தொறந்தாலே வெள்ளையா ஆவி கெளம்பும். அந்தப் புகைக்கு இதுவரைக்கும் எந்த கவர்மெண்டும் வரி போட்டதில்ல. சும்மா கெடைக்கற அந்தப் புகையில திருப்திப்படாம, காசு குடுத்து வேற புகை வாங்கி விட்டுட்டிருந்த ஆளு நானு.

குன்னூர்ல இருந்து ஜெகதளா போற வழியில ஒரு டீ பேக்டரியில எனக்கு வேலை. பேக்டரிக்குன்னு சொந்தமா எஸ்டேட் கெடையாது. சுத்துப்பட்டுல இருக்கற சின்ன விவசாயிங்க பறிச்சுக் கொண்டார பச்சை இலைய எடை போட்டு வாங்கி, தூளாக்கி விக்கறதுதான் பொழப்பு. எடை மேடைகிட்ட குந்திட்டு, யாரு மூட்டை எத்தனை கிலோன்னு எழுதறது நானு. விவசாயிங்க என்னைய ரைட்டர்னு கூப்புடுவாங்க. அம்பது வயசு தாண்டியாச்சு. முடி முன்னாடியே கெளம்பிப் போயிருச்சு, வயிறு மட்டும் கூடவே இருக்குது.

பேக்டரிக்குள்ள சிகரெட் புடிக்கக் கூடாது. தேயிலைத் தூள் பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் இழுத்து உள்ள வெச்சுக்கும். என் ஒருத்தனோட புகை எங்கயோ வடக்க ஒரு ஊட்டு டீயில போய் மணக்கக் கூடாதில்லீங்களா. அதனால கேட்டுக்கு வெளிய, வளைவுல இருக்கற பொட்டிக்கடைதான் என்னோட எடம். அந்தக் கடைக்காரர்தான் மொதல்ல சேதி சொன்னாரு.

"அண்ணா, டிவி பாத்தீங்களா?"

"ஏப்பா, யாராச்சும் போயிட்டாங்களா?"

"சிகரெட்டுக்கு மறுபடியும் வரி ஏத்திட்டாங்களாமா." துக்கம் விசாரிக்கற கொரல்லதான் சொன்னாரு.

"சரி, இப்ப நீ குடுக்கறது பழைய ஸ்டாக்குதான?"

"பழசுதானுங்ணா."

"அப்ப பழைய வெலதான?"

"அதெப்படிங்ணா. ஸ்டாக்குத்தான் பழசு, டிவி நேத்து ராத்திரிதான பாத்தேன்."

இந்த ஞாயத்துக்கு எதுத்துப் பேச எனக்குப் படிப்பு பத்தல. புது வெல குடுத்து பழைய சிகரெட்டைப் பத்த வெச்சேன்.

வரி ஏறுனா சனங்க சிகரெட்டைக் கொறைப்பாங்கன்னு மேல உக்காந்திருக்கறவங்க நெனைக்கறாங்க. அவங்களுக்கு என்னையத் தெரியாது. எனக்கு வரி ஏறுனா கொறையறது சிகரெட் இல்லீங்க, ஊட்டுச் சாமான்.

முன்னால ஒரு தடவை ஏறுனப்ப சனிக்கெழமை வர்க்கி நின்னுச்சு. வர்க்கின்னா எங்க ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்த பண்டம், கடிச்சா பாதி வாயில, பாதி சட்டையில. "அதுல முழுக்க டால்டா அம்மணி, ஒடம்புக்கு ஆகாது"ன்னு ஊட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன், சிகரெட் நாத்தம் அடிக்கற வாயால. அடுத்தாப்புல ஏறுனப்ப சாய்ங்காலப் பால் பாக்கெட் நின்னுச்சு. "தேயிலை ஊர்ல இருந்துட்டு பாலை ஊத்தி டீய கெடுக்கறதா?"ன்னு ஒரு லெக்சர். பொறவு ஞாயித்துக்கெழமை மட்டன் போய் கோழி வந்துச்சு, கோழி போய் முட்டை வந்துச்சு. முட்டைக்குக் கீழ என்ன இருக்குதுன்னு நான் ரோசனை பண்ணிட்டிருந்தப்ப, பிளஸ் டூ படிக்கற எங்க மக சொன்னா, "அப்பா, அடுத்த பட்ஜெட்டுக்கு வெறும் மசாலாவை வறுத்து எல்லாரும் மோந்து பாத்துக்கலாம்."

இத்தனைக்கும் நான் சொன்ன காரணம் ஒண்ணே ஒண்ணுதான். விலைவாசி. அந்த வார்த்தையச் சொல்றப்ப நான் ஒரு பெருமூச்சு விடுவேன். அந்தப் பெருமூச்சு பாதி நடிப்பு, மீதி நெஞ்சுச் சளி.

இந்தத் தடவை வரி ஏறுனப்ப, கொறைக்கறதுக்கு ஊட்டுல பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் இன்னும் வாங்காத சாமான். கீசர்.

எங்க ஊட்டுல குளிக்கற தண்ணிக்கு வெறகு பாய்லருங்க. கவாத்து வெட்டுன தேயிலைக் குச்சி காஞ்சா நல்லா எரியும். ஆனா இந்த ஊர்ல எதுங்க காயுது? தொவைச்ச துணியே வாரக்கணக்குல கொடியில தொங்கி, கடைசியில மனசு வெறுத்துப்போய் எடுத்து மாட்டிக்கறோம். ஊட்டுக்காரம்மா எங்களுக்கெல்லாம் முன்னால எந்திரிச்சு, ஈரக் குச்சியோட மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் செவக்க ஊதி ஊதி தண்ணி காய வெப்பா. காஞ்சதும் ஊடே அதிர ஒரு சத்தம் வரும், "தண்ணி ஆறிடும், வாங்க." எங்க ஊட்டு அலாரம் அதுதான். நான் குளிச்சு, மக குளிச்சு, அவ முறை வர்றப்ப நெருப்பு அணைஞ்சிருக்கும். மொத பஸ்ஸைப் புடிக்கணும்னு, இருக்கற பச்சைத் தண்ணிய ஊத்திட்டு ஓடுவா.

அவளுக்கு வேலை குன்னூர்ல ஒரு இஸ்கூல்ல, பீஸ் வாங்கற கவுண்டர்ல. குளுரு வந்தா அவ வெரல் மூட்டு மொட்டியெல்லாம் செவந்து வீங்கிக்கும். நோட்டை எண்ண முடியாது, பேனா புடிக்க முடியாது. பீஸ் கட்ட வந்தவங்களை நிக்க வெச்சுட்டு, வெரலை வாய்கிட்ட வெச்சு ஊதிட்டிருப்பாளாமா. "பச்சைத் தண்ணியில கைய வெக்காதீங்க, வருசா வருசம் ஜாஸ்தியாகும்"னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தத் தீவாளிக்குள்ள கீசர் மாட்டிடணும்னு ஊட்டுல பேச்சு. எண்ணெய் தேச்சுட்டு, கொழாயத் திருகுனா சுடுதண்ணி வர்ற தீவாளி. அதைப் பத்திப் பேசறப்பவே அவ மொகத்துல ஒரு சூடு தெரியும்.

வரி ஏறுன அந்த வாரம், ராத்திரி தோசை சாப்பிடறப்ப மெதுவா ஆரம்பிச்சேன்.

"அம்மணி, கீசரை அடுத்த வருசம் பாத்துக்கலாமா?"

"ஏனுங்க?"

"இரும்பு வெல ஏறிப்போச்சு."

அவ தோசையத் திருப்பிப் போட்டா. "உள்ள இருக்கறது செம்புன்னு கடைக்காரர் சொன்னாருங்களே."

"செம்பும் ஏறிப்போச்சு."

"அப்பா, ஏறுனது சிகரெட்டு," அப்படின்னா மக, தட்டுல இருந்து தலைய எடுக்காமலே.

ஊட்டுக்காரம்மா அடுப்பை அணைச்சா. வந்து எதுத்தாப்புல உக்காந்தா. "ஏனுங்க, போன தடவை சிகரெட்டு ஏறுனப்பதான கோழி நின்னுச்சு?"

"அது... பறவைக் காய்ச்சல்னு நெனைக்கறேன்."

"அதுக்கு முன்னால ஏறுனப்ப பாலு?"

"பால் விசயம் வேற."

"இத்தனை வருசமா இந்த விலைவாசிய நான் மார்க்கெட்டுல தேடிட்டிருந்தேனுங்க. தக்காளிக்காரன்கிட்ட சண்டை, மளிகைக்காரன்கிட்ட சண்டை. அது உங்க சட்டைப் பாக்கெட்டுலயே குடியிருந்திருக்குது."

சண்டை போடுவான்னு பாத்தேன். போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன், எனக்கு வாய் நீளம். அவ போடல. என் வேலையைப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என் வேலையைப் பத்தி ஆசையாக் கேட்டது அன்னைக்குத்தான். எனக்கும் பெருமையாப் போச்சு, நான் பாட்டுக்குச் சொல்லிட்டே போனேன்.

"மழை நாள்ல இலை நனைஞ்சு வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"கழிப்போம். இலையோட தண்ணியும் எடையில ஏறுமில்ல, தண்ணிக்கு எப்படிக் காசு குடுக்கறது? ஈரத்துக்கு ஏத்தாப்புல எடையில கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் காசு. ஈரக் கழிவுன்னு பேரு."

"ஈரம் எத்தனைன்னு எப்படிங்க தெரியும்?"

"ஒரு கை அள்ளிப் புழிஞ்சாத் தெரிஞ்சு போகும்."

"விவசாயி ஒத்துக்குவாருங்களா?"

"ஒத்துக்காம? எடை மேடையில நான்தான உக்காந்திருக்கேன்."

"செரிங்க," அப்படின்னு எந்திரிச்சா. பிரிட்ஜ் மேல இருந்த காலி பிஸ்கட் டப்பாவை எடுத்து, சேலை முந்தியில தொடைச்சு, நடு மேசையில வெச்சா. "இந்த ஊட்டு எடை மேடையில நான் உக்காந்திருக்கேனுங்க. நாளையில இருந்து நீங்க ஒரு சிகரெட்டுப் புடிச்சா, அது என்ன வெலையோ அதே காசு இதுல விழுகோணும். கவர்மெண்டு அவங்க வரிய எடுத்துக்கட்டும். இது நம்மூட்டு ஈரக் கழிவு."

மக கை தட்டுனா. ஜனநாயக நாட்டுல ரெண்டு ஓட்டுக்கு ஒரு ஓட்டுன்னா என்ன பண்றது.

மறுநாள் பொழுதோட ஊட்டுக்குள்ள கால் வெச்சதும், அவ என் காலரைப் புடிச்சு இழுத்து மோந்து பாத்தா. அப்பறம் சட்டைப் பாக்கெட்டை ஒரு கையால அள்ளிப் புழிஞ்சா. நான் இலைய எப்படிப் புழிவேனோ அச்சு அசலா அதே மாதிரி, மணிக்கட்டை லேசாத் திருப்பி. தொழிலைச் சொல்லிக் குடுத்தவனே மாட்டிக்கிட்டேன். "அடுத்த வாரம் சேர்த்துப் போடறனே"ன்னு கேட்டேன். "அடுத்த வாரம்னு சொல்றவங்களைப் பாக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க"ன்னு டப்பா மூடியத் தொறந்து நீட்டுனா.

இந்த விசயத்தை நான் ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன். எங்க டீமேக்கர்கிட்ட. இலை தூளாகி வர்ற வரைக்கும் மெசினுங்களைக் கவனிச்சுக்கறது அவரு. பந்தலூர்ப் பக்கத்துக்காரர், அப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. பொட்டிக்கடையில எனக்கு ஒரே கூட்டாளி. "ரகசியமா வெச்சுக்கப்பா"ன்னு சொன்னேன். "என்னண்ணே, எங்கிட்டப் போய்"னு நெஞ்சுல கைய வெச்சாரு. அந்தக் கைய எடுக்கறதுக்குள்ள இலை எறக்க வந்த வரிசை பூராவும் சேதி போயிருச்சு.

அன்னைக்கு நல்ல மழை. ஜெகதளா படுகர் ஒருத்தர், என்னைய விட மூத்தவரு, தலையில கம்பளிய முக்காடு போட்டுட்டு மூட்டையோட வந்தாரு. நான் ஒரு கை இலைய அள்ளிப் புழிஞ்சேன், தண்ணி சொட்டுச்சு.

"கழிக்கணுமுங்க."

"கழி ரைட்டரே, நல்லாக் கழி. உன்னைய ஊட்டுல புழிஞ்சா எத்தனை சொட்டுது?"

வரிசையே சிரிச்சுது. பின்னால இருந்து ஒருத்தர், "காலையில காயப் போட்டுட்டுத்தான் அனுப்பறாங்களாம்"னாரு. இன்னொருத்தர், "எங்களுக்குக் கழிச்ச பாவமெல்லாம் டப்பாவுல சேருது"ன்னாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிக்காட்டி இன்னும் ஜாஸ்தியாகும்னு தெரியும். ஆனா அன்னைக்கு அந்தப் பெரியவருக்குக் கழிக்கறப்ப கை கொஞ்சம் தயங்குச்சுங்க. கழிவு வாங்கறவனுக்கும் குடுக்கறவனுக்கும் மழை வேற வேற மாதிரி பெய்யுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் கம்மியாவே கழிச்சேன். மொதலாளி பாத்திருந்தா என்னையவே கழிச்சிருப்பாரு.

சிகரெட்டுக்கு ரெண்டு வரி கட்டற ஆளு இந்த மலையிலயே நான் ஒருத்தன்தான். அதனால தப்பிக்கற வழியெல்லாம் பாக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல பெரிய சைஸை விட்டுட்டு சின்ன சைஸுக்கு வந்தேன். பத்த வெச்சுட்டு மழை எப்படின்னு அண்ணாந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அப்பறம் பீடி. சமவெளியில பீடி எப்படியோ தெரியாதுங்க, எங்க ஊர் மேகத்துல பீடி புடிக்கறதுக்குத் தனி தைரியம் வேணும். நமுத்துப்போய், நான் ஒரு இழுப்பு இழுத்தா அது ஒரு தடவை அணைஞ்சுக்கும். ஒரு பீடிக்கு அரைப் பொட்டி தீக்குச்சி ஆச்சு. பொட்டிக்கடைக்காரர், "பீடிய நான் சும்மாவே தந்தர்றேனுங்ணா, தீப்பொட்டி வாங்கிக்கங்க"ன்னாரு. அப்பறம் டீமேக்கரும் நானும் ஒரு சிகரெட்டைப் பாதிப் பாதின்னு பேசிக்கிட்டோம். மெசினுங்களோடயே இருந்து அவருக்கும் மெசின் வேகம் வந்துருச்சோ என்னமோ, மொத இழுப்புலயே என் பாதிக்கு வந்துருவாரு.

கடைசியில எனக்கு ஒரு பெரிய மூளை வேலை செஞ்சுது. தைலம். எங்க ஊர்ல ரோட்டோரம் எங்க பாத்தாலும் நீலகிரித் தைலம் விக்கும். சின்ன பாட்டில் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு, சிகரெட் புடிச்சதும் கையில, காலர்ல, மீசையில தடவிட்டுப் போனேன். வாசல்ல என் காலரை மோந்தவ தும்மல் போட்டா.

"சளிங்களா?"

"ஆமா அம்மணி, நெஞ்செல்லாம் ஒரே கபம்."

மொத நாள் நம்புனா. பாவம்னு ரசம் வெச்சுக் குடுத்தா. ஆனா தைலம்கறது சிகரெட் இல்லீங்க, அதுக்கு அடக்க ஒடுக்கம் தெரியாது. நான் பஸ் ஏறுனா முன் சீட்ல இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. எடை மேடையில விவசாயிங்க என்கிட்ட வந்து மூக்கை நல்லா இழுத்துட்டு, "அப்பாடா, அடைப்பு விட்டுச்சு"ன்னு போறாங்க. டீமேக்கர் ஓடி வந்து, "அண்ணே, தூளுப் பக்கம் வந்துறாதீங்க, ஒரு லோடு பூரா இருமல் மருந்தாப் போயிரும்"னு கும்பிட்டாரு. ஊட்டுல மக கேட்டா, "அப்பா, வேலைய மாத்திட்டீங்களா? தைலம் காய்ச்சற எடத்துல சேந்துட்டீங்களா?"

ஊட்டுக்காரம்மா அன்னைக்கே சட்டம் போட்டுட்டா. தைல வாசம் வந்தா, சளி இருந்தாலும் இல்லாட்டியும், ஒரு சிகரெட்டுக் கணக்கு. நெசமாவே சளி புடிச்ச ஒரு வாரம் நான் தைலம் தேய்க்கறதுக்கும் கழிவு கட்டுனேன். தைல பாட்டிலுக்குக் குடுத்த காசு தனி.

இப்படி எந்தப் பக்கம் திரும்புனாலும் ரெண்டு மடங்கு செலவாச்சு. கொஞ்சங் கொஞ்சமா சிகரெட் கொறைஞ்சுது. ஒடம்பைப் பத்தி ஞானம் வந்துச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. டப்பா மூடி தொறக்கற சத்தம் காதுலயே இருந்துச்சு, பத்த வெக்கறப்பவே அந்த 'டப்'புனு ஒரு சத்தம் கேக்கும், கை தானாக் கீழ எறங்கிரும். ஆடி போய் ஆவணி வந்தப்ப பொட்டிக்கடைய தாண்டற நாள்ல பாதி நாள் நிக்காமயே போயிட்டேன். கடைக்காரர் என்னையப் பாத்தா, "ஏனுங்ணா, நம்ம மேல ஏதாச்சும் கோவமுங்களா?"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிருச்சு.

கேக்கறதுக்கு நல்லா இருக்குதில்லீங்களா. ஆனா அங்கதான் வந்துச்சு சிக்கல்.

ஐப்பசி பொறந்துது. தீவாளி கூப்புடற தூரம். மழைன்னா மழை, வெறகு பூரா ஊறிக் கெடக்குது. ஒரு நாள் பொழுதோட நான் ஊட்டுக்கு வந்து காலரை நீட்டிட்டு நின்னேன். அவ மோந்து பாத்தா. ஒண்ணும் இல்ல. பாக்கெட்டைப் புழிஞ்சா. ஒண்ணும் இல்ல.

"ஏனுங்க, இன்னைக்குக் கடைப்பக்கம் போகலீங்களா?"

"போகல."

"நேத்தும் போகலைன்னீங்க."

"நேத்தும் போகல."

"ஒடம்பு நல்லாத்தானுங்களே இருக்குது?"

"நல்லா இருக்கேன். நீ சந்தோசப்படோணும் அம்மணி."

"சந்தோசந்தானுங்க," அப்படின்னு சொல்லிட்டு டப்பாவை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தா. போன வாரம் கேட்ட அதே சத்தம்தான் கேட்டுச்சு.

அப்பத்தான் எனக்கு விசயம் வெளங்குச்சு. நான் புடிச்சாத்தான் கீசர். நான் விட்டா கீசர் இல்ல. கவர்மெண்டும் இப்படித்தான, பாக்கெட்டு மேல பயங்கரமா படம் போட்டு விட்டுருன்னு சொல்லுது, எல்லாரும் ஒரே நாள்ல விட்டுட்டா பணத்துக்கு எங்க போறதுன்னும் ரோசனை பண்ணுது. எங்கூட்டு நிதி மந்திரி இப்ப அதே எடத்துல டப்பாவும் கையுமா நிக்கறா. எனக்கு வந்த குசி இருக்குதே. இத்தனை மாசமா புழிஞ்சவ இப்ப என் கையில.

"அம்மணி, நீ கவலைப்படாத," அப்படின்னு நெஞ்சை நிமித்துனேன். "உனக்காக நாளையில இருந்து நான் பழையபடி புடிக்கறேன். கீசருக்காக. எனக்கென்ன ஆசையா, குடும்பத்துக்காக ஒரு தியாகம்."

மக சிரிச்சா. ஊட்டுக்காரம்மா சிரிக்கல. கைய விரிச்சு வெரலைப் பாத்தா. மொட்டியெல்லாம் அப்பவே செவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. மோதிர வெரல்ல மோதிரம் இல்ல, வீங்குனா ஏறாதுன்னு ஐப்பசியிலயே கழட்டி வெச்சுருவா. நான் அதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

"வேண்டாமுங்க," அப்படின்னா. "எனக்குச் சுடுதண்ணி வேணும்னு உங்க நெஞ்சைப் பத்த வெச்சுக் காய வெக்கறதுங்களா? வெறகையே ஊதிக்கறேன், போங்க."

டப்பாவை பிரிட்ஜ் மேல வெக்கத் திரும்புனா. எனக்கு ஜோக்கு ஒண்ணும் தோணல. எனக்கு ஜோக்குத் தோணாத நேரம் ரொம்பக் கம்மிங்க. மூச்சை மட்டும் ஒரு இழுப்பு இழுத்தேன், அந்நேரம் பாத்து சட்டையில நடுப் பட்டன் தெறிச்சுப் போய் சிங்க் பக்கம் உருண்டுச்சு.

அவ திரும்பிப் பாத்தா. பட்டனைப் பாத்தா, என்னையப் பாத்தா, என் வயித்தைப் பாத்தா.

"ஏனுங்க, இந்தச் சட்டை ஆடித் தள்ளுபடியில எடுத்ததுதான?"

"ஆமா."

"அப்ப தொளதொளன்னு இருந்துச்சுங்களே."

மக எந்திரிச்சு வந்து என் பாக்கெட்டுக்குள்ள வெரலை விட்டா. விட்ட வெரலை லைட்டு வெளிச்சத்துல காட்டுனா. வெரல் நுனியில பொடிப் பொடியா, பொன்னு நெறத்துல.

"அம்மா, வர்க்கி."

மாட்டுனேன். சிகரெட் விட்ட காசு கைய அரிச்சுதுங்க. பேக்டரிக்குக் கீழ ஒரு பேக்கரி இருக்குது. பொட்டிக்கடைய வீராப்பாத் தாண்டறவன் நேரா அங்க போய் நின்னேன். சூடா வர்க்கி, பாலு ஜாஸ்தி போட்டு ஒரு டீ, சில நாளு முட்டை பப்ஸ். ஊட்டுல நான் நிறுத்துன சாமானெல்லாம் ஒவ்வொண்ணா நான் மட்டும் வெளிய தின்னுட்டிருந்தேன். தின்னப்பக்கூட எனக்கு அது உறைக்கல, அந்தப் பொடியப் பாத்தப்பதான் உறைச்சுது.

ஊட்டுக்காரம்மா டப்பாவை மறுபடியும் நடு மேசைக்குக் கொண்டாந்தா. கோவமா இருக்கான்னு மொகத்தைப் பாத்தேன். இல்ல. பீஸ் கட்டாத அப்பனோட புது பைக்கைப் பாத்துட்ட கவுண்டர்க்காரி மொகம் அது.

"ஏனுங்க, ஈர இலைக்குக் கழிப்பீங்க. செரி. இலை சுத்தமாக் காஞ்சு வந்தா?"

"காஞ்சு வந்தா கழிக்கறதுக்கு என்ன இருக்குது? முழு எடைக்கும் காசு குடுத்துருவோம்."

"முழு எடைக்கும்."

"ஆமா, பின்ன..." அப்படின்னு ஆரம்பிச்சவன் நிறுத்திட்டேன். ஆனா சொன்ன வார்த்தை அவ எடை மேடையில ஏறிருச்சு.

"இத்தனை நாளா ஈரமா வந்தீங்க, கழிவு மட்டும் வாங்குனேன். இப்ப ஒரு மாசமா காஞ்ச இலை மாதிரி வர்றீங்க. அப்ப முழுக் காசும் குடுக்கோணுமுங்களே. சிகரெட்டுக்குக் குடுக்கற காசு, அதுக்கு டப்பாவுல போடற காசு, ரெண்டும் இப்ப மிச்சந்தான? ரெண்டும் இதுல போடுங்க. புடிச்ச நாளைக்கு ஒரு பங்கு, புடிக்காத நாளைக்கு ரெண்டு பங்கு."

"இது என்ன அநியாயம் அம்மணி. புடிக்காதவனுக்கு ஜாஸ்தியா?"

"உங்களுக்கு ஒரு பைசாவும் ஜாஸ்தியில்லீங்க. புடிச்சாலும் அதே காசுதான் வெளிய போகுது. பேக்கரிக்காரருக்குத்தான் நஷ்டம்."

நான் எத்தனை புரட்டிப் பாத்தும் அதுல ஓட்டை கெடைக்கல. எந்த கவர்மெண்டுக்கும் வராத ரோசனைங்க அது. அவங்க நாம புடிச்சாத்தான் வாங்குவாங்க. இவ புடிக்காட்டி ரெண்டு மடங்கு வாங்கறா. நான் சிகரெட்டை விட விட எங்க ஊட்டுக் கஜானா நெறையுது.

எடை மேடையில இதுவும் தெரிஞ்சுது, யாரு சொல்லியிருப்பாங்கன்னு கேக்கவே வேண்டாம். கம்பளிப் பெரியவர் அடுத்த மூட்டையோட வந்தப்ப என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "ரைட்டரு இப்ப நல்லாக் காஞ்ச சரக்கு," அப்படின்னு பின்னால இருக்கறவங்களுக்குச் சொன்னாரு. "இனி நமக்கும் ஈரம் கம்மியாத்தான் போடுவாரு." நானும் கம்மியாத்தான் போட்டேன், வெயில் அடிச்ச நாள்ல.

தீவாளிக்கு முந்தின வாரம் கீசர் வந்துச்சு. மாட்ட வந்த எலக்ட்ரீசியன் ஏணி மேல நின்னுட்டு மூக்கை உறிஞ்சி, "ஏனுங்க, இங்க யாரு தைலம் காய்ச்சறீங்க?"ன்னாரு. என் பழைய சட்டைங்க கொடியில தொங்குச்சு. அந்த வாசம் பேரன் பேத்தி காலம் வரைக்கும் போகாது போலிருக்குது.

தீவாளி அன்னைக்கு இருட்டு விலகறதுக்கு முன்னால எனக்கு முழிப்பு வந்துருச்சு. அலாரம் அடிக்கல, ஊதற சத்தம் கேக்கல, அந்த அமைதிக்கே முழிச்சுட்டேன்னு வெச்சுக்கங்க. எங்க மூணு பேர்ல அன்னைக்கு அவதான் மொதல்ல குளிச்சா. பாத்ரூம் கதவுக்கு அடியில இருந்து ஆவி வெள்ளையா ஊர்ந்து வந்துச்சு. உள்ள தண்ணி விழுகற சத்தம் நிக்கவே இல்ல. மொத பஸ்ஸைப் புடிக்கற அவசரம் இல்லாம அவ குளிச்ச சத்தத்தை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். நான் தலையில எண்ணெயோட வாசப்படியில குந்திட்டிருந்தேன். மொத வெடி எங்கயோ கீழ எஸ்டேட் லைன் ஊட்டுப் பக்கம் வெடிச்சுது.

தலையில துண்டு கட்டிட்டு அவ வெளிய வந்தா. கைய விரிச்சு எங்கிட்டக் காட்டுனா. வெரலெல்லாம் ரோஸ் கலர்ல, பச்சப் புள்ளை கை மாதிரி மெத்துனு இருந்துச்சு. அந்த மோதிரத்தை எடுத்துப் போட்டுப் பாத்தா. மொட்டிகிட்ட செத்த நின்னுச்சு, அப்பறம் வழுக்கிட்டு உள்ள போயிருச்சு.

"எப்படி அம்மணி?"ன்னு கேட்டேன். குளுருல என் வாயில இருந்து புகை குப்புனு வந்துச்சு.

அவ பழக்கத்துல என் பக்கம் குனிஞ்சு மோந்தா.

"இதுக்கு எவ்வளவு கழிப்பீங்க மேடம்?"

"இதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எத்தனை வேணும்னாலும் விடுங்க," அப்படின்னு சிரிச்சுட்டு சமையக்கட்டுப் பக்கம் போனா.

சுத்தமா விட்டுட்டனான்னு கேக்காதீங்க. டீமேக்கரோட எப்பவாச்சும் பாதி உண்டு, அவரு விட்டு வெச்சா. டப்பா இன்னும் நடு மேசையில இருக்குது. இப்ப ஞாயித்துக்கெழமையில கோழி வந்துருச்சு, சாய்ங்காலப் பாலும் வந்துருச்சு, மட்டனுக்கு மக மனு குடுத்திருக்கா.

அன்னைக்கு நான் வாசப்படியிலயே இன்னும் ரெண்டு புகை சும்மா விட்டுப் பாத்துட்டு இருந்தேன். உள்ள இருந்து ஊடே அதிர சத்தம் வந்துச்சு.

"ஏனுங்க, தண்ணி ஆறிடும், வாங்க."

கீசர் தண்ணி எங்க ஆறப் போகுதுன்னு கேக்க வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவளே மொதல்ல சிரிச்சா.